இதெல்லாம் நம்ம பாட்டி செஞ்சதுதானே

வீட்டில் ரை மாவைப் புளிக்கவைத்து ரொட்டி சுட்டேன் என்று சொன்னால் நம்மவர்களிடம் ஒரே பதில்தான் வருகிறது: "அட, இதெல்லாம் நம்ம பாட்டி அப்பவே செஞ்சதுதானே, தோசை மாவு புளிக்கல?" குடும்பப் புலனக் குழுவிலும் இதே, இலக்கியக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையிலும் இதே. பெருமையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. பாட்டியை உண்மையில் மதிக்கிறவர் இப்படிப் பேசமாட்டார்.

முதல் விஷயம், பாட்டி இதைச் செய்யவில்லை. ரை குளிர்நாட்டுத் தானியம். சிலர் கம்பு என்கிறார்கள். கம்பு வெயிலில் விளையும் வேறு தானியம். வடக்கு, கிழக்கு ஐரோப்பாவில் கோதுமை சரியாக வராத மண்ணில் ஏழைகளின் ரொட்டி இது. கோதுமை மாவு போல இழுபடாது. அதிலுள்ள அமிலேஸ் என்ற நொதி, அடுப்புச் சூட்டில் மாவுச்சத்து இளகும் நேரத்திலும் வேலை செய்து அதை அரித்துவிடும். அதை அடக்குவது புளிப்புதான். புளிப்பு போதாவிட்டால் மேலே ஓடு, உள்ளே களி. தோசை மாவின் கதை வேறு. அங்கே காற்றைப் பிடித்துவைப்பது உளுந்து. பொங்கவைப்பது பெரும்பாலும் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. இரண்டும் புளிக்கின்றன என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரின் பெயரில் ஒரு ரை முறை இருக்கிறது. மாவை மூன்று நிலைகளில் புளிக்கவைக்கிறார்கள்; ஒவ்வொன்றுக்கும் தனி வெப்பம், தனி நேரம், தனி நீரளவு. எண்கள் இருந்ததால்தான் ஸ்கூடாயில் உட்கார்ந்துகொண்டு என்னால் அதை மாற்ற முடிந்தது. என் சமையலறையில் 31 பாகை. குறிப்பில் இருந்த 12 மணி நேரத்தை 5 ஆக்கினேன். ரொட்டியின் நடுவில் 97 பாகை வந்ததும் எடுத்து, துணியில் சுற்றி ஒரு நாள் வைத்தேன். கத்தியில் ஒட்டாமல் வெட்ட வந்தது. "என்னடா, கல்லு மாதிரி கனக்குது" என்ற அம்மா, இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார்.

இப்போது பாட்டிக்கு வருவோம். கூலாய் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகணும். அதற்குள் மாவு பொங்கியிருக்கணும், புளித்துக் கெடவும் கூடாது. ஃபிரிட்ஜ் கிடையாது. மழை இரவுக்கு ஓர் அளவு உப்பு, வெக்கை இரவுக்கு வேறு அளவு என்று வைத்திருந்தாராம். இதைத்தான் பொறியியல் என்று எனக்குப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். எவ்வளவு உப்பு? தெரியாது. நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். அம்மாவிடம் மிஞ்சியிருப்பது "கண்ணளவுதான்டா" என்ற ஒரு வார்த்தை. இன்று எங்கள் தாமானில் பாதி வீடுகளில் பாக்கெட் மாவு.

இட்லி மாவு பொங்குவதற்கு லியூகோனோஸ்டாக்தான் காரணம் என்று 1965இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. வந்த இடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம். மைசூரிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். தினமும் சாப்பிடுகிற நம் வீடுகளில் என்ன எழுதிவைத்தோம்? "கைப்பக்குவம்." பாராட்டு போலத் தெரியும் இந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள், "நீ எப்படிச் செய்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை" என்பதுதான்.

கைப்பக்குவத்தை எண்ணில் அடைக்க முடியாது என்பார்கள். ரொட்டி சுடுகிற ஜெர்மன்காரருக்கும் கைதான் இருக்கிறது. எண் அந்தக் கையை அழிக்கவில்லை, அடுத்த கையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஜொகூர் பாரு ஜாலான் டோபியில் 1937இலிருந்து இயங்கும் சலாவுதீன் பேக்கரியில் விறகு அடுப்பு இருக்கிறது. கடை என்றால் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள இன்னொருவர் இருப்பார். வீட்டு அடுப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறோம்?

சமையல் தராசு முப்பது ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. அடுத்த முறை பாட்டி பெருமையைப் புலனத்தில் தட்டும் முன், அம்மாவின் ஒரு கைப்பிடி உளுந்தை நிறுத்துப் பாருங்கள். எத்தனை மணிக்குக் கரைத்தார், எப்போது பொங்கியது, அன்று மழையா வெயிலா என்று எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும்.