கூட்டு மந்திரிசபையும் துண்டுக்குள் பேரமும்

மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். தரகன் தோளிலிருக்கும் துண்டை எடுத்துத் தன் கையையும் வாங்குகிறவன் கையையும் மூடிக்கொள்வான். உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் ஜனங்களுக்கு ஒரு தம்பிடி விவரமும் தெரியாது. மாட்டுக்கோ, கயிறு கைமாறிய பிறகுதான் தான் விற்கப்பட்டது தெரியும்.

தேர்தல் முடிந்து எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி கிடைக்கவில்லை என்று ஆகிவிட்டால் நம் நாட்டில் நடப்பதும் இந்தத் துண்டுக்குள் பேரமே ஆகும். அங்கு மாட்டின் ஸ்தானத்தில் நிற்பவர்கள் ஓட்டுப் போட்ட ஜனங்கள் என்பதுதான் வித்தியாசம்.

பல கட்சிகள் சேர்ந்து ராஜ்யபாரம் நடத்துவது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. பல ஜாதியும், பல மதமும், பல பாஷையும் உள்ள இந்த நாட்டில் தனிப்பட்ட ஒரு கூட்டத்தார் ஆளுவதைவிடப் பலர் கூடி ஆளுவதே நியாயமாகும். ஆனால் எதற்காகக் கூடுகின்றார்கள் என்பதே கேள்வி. நாற்காலிக்காகக் கூடுகின்றார்களா? அல்லது இன்னின்ன காரியம் செய்வதற்கென்று எழுதி, கையெழுத்திட்டு, ஊரறியக் கூடுகின்றார்களா? இவ்விரண்டிற்கும் உள்ள பேதத்தை அறியாததால் நம்மவர்கள் பட்ட கஷ்டத்திற்கு 1952-ம் வருஷத்துச் சென்னை ராஜ்யக் கதையே போதிய அத்தாட்சியாகும்.

வயது வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டுக் கிடைத்து நடந்த முதல் தேர்தல் அது. ஆந்திரமும் மலையாளத்தில் ஒரு பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய சென்னைச் சட்டசபையில் மொத்த ஸ்தானங்கள் 375. காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. முதல் மந்திரியாயிருந்த குமாரசாமி ராஜாவும் அவரது சகாக்கள் பலரும் தங்கள் தொகுதியிலேயே தோற்றுப் போனார்கள். ஜனங்கள் இதைவிடத் தெளிவாக ஒரு கட்சியை வேண்டாமென்று சொல்ல முடியாது.

எதிர்க்கட்சிகளில் கம்யூனிஸ்டுகளுக்கு 62, கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35, ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19, மாணிக்கவேல் நாயக்கரின் பொதுநலக் கட்சிக்கு 6, இவை தவிரச் சுயேச்சைகள் பலர். இவர்களில் பெரும்பாலோர் பிரகாசம் அவர்களைத் தலைவராகக் கொண்டு ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றை ஏற்படுத்தி, தங்களுக்கு 166 பேர் ஆதரவு இருப்பதாகச் சொன்னார்கள். 166 என்பதும் மெஜாரிட்டி அல்லவென்பது உண்மையே. ஆனால் 152-ஐ விட 166 பெரிது என்பதற்குக் கணக்குப் புலவர் யாரும் வேண்டியதில்லை. யாருக்குப் பலம் என்பதைச் சட்டசபையைக் கூட்டி, கை தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்திருக்கலாம்.

நடந்தது என்ன? தேர்தலில் நிற்காதவரும், ஒரு ஓட்டர் வீட்டுப் படியும் ஏறாதவருமான ஆச்சாரியாரைக் காங்கிரசார் அழைத்து வந்தார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமன அங்கத்தினராக்கி, மந்திரிசபை அமைக்கவும் அழைத்தார். ஏப்ரல் மாதம் ஆச்சாரியார் முதல் மந்திரியானார். ஜூலையில் சட்டசபையில் ஓட்டெடுத்தபோது அவருக்கு 200 பேர், எதிராக 151 பேர்! 152 எப்படி 200 ஆயிற்று? காங்கிரசுக்கு எதிராக ஓட்டு வாங்கி வந்தவர்களில் ஒரு கூட்டம் காங்கிரசுக்குக் கை தூக்கியதால்தான் ஆயிற்று.

இதற்குக் கவர்னரை மாத்திரம் திட்டி என்ன பயன்? வெளியிலிருந்து திருடன் வந்தான் என்றால் உள்ளிருந்து தாழ்ப்பாளைத் திறந்தவர் யார் என்றும் கேட்க வேண்டாமா? உழைப்பாளர் கட்சியும் பொதுநலக் கட்சியும் வன்னிய விவசாயிகளின் உண்மையான குறைகளைச் சொல்லி ஓட்டுக் கேட்டவை. தேர்தலில் நிற்காத தி. மு. கழகத்தார் அவ்விரு கட்சிகளையும் ஆதரித்தார்கள். அம்மக்களுக்குப் படிப்பில்லை, உத்தியோகமில்லை என்பதெல்லாம் பொய்யல்ல. ஆனால் பேரத்தின் முடிவில் அம்மக்களுக்குக் கிடைத்தது என்ன? மாணிக்கவேல் நாயக்கருக்கு ஆச்சாரியார் சபையில் ஒரு மந்திரி பதவி கிடைத்தது. படையாட்சியாருக்கு 1954-ல் காமராஜர் சபையில் ஒரு பதவி கிடைத்தது. தலைக்கு ஒரு நாற்காலி! குடியானவன் பிள்ளைக்கு இத்தனை பள்ளிக்கூடம், இத்தனை உத்தியோகம் என்று பேரத்துக்கு முன்பே எழுதி ஊரறியச் சொல்லப்பட்ட நிபந்தனை எங்கே?

சரி, நாற்காலிக்குக் கொடுத்த விலை என்ன என்று பாருங்கள். அடுத்த வருஷமாகிய 1953-ல் அதே ஆச்சாரியார் மந்திரிசபை, சட்டசபையின் சம்மதத்தைக்கூடக் கேளாமல், கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே படிப்பு, மீதிப் பொழுதில் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டது. ஏர் பிடிப்பவன் மகன் ஏர் பிடிக்கவும், சட்டி வனைபவன் மகன் சட்டி வனையவும் சர்க்காரே ஏற்பாடு செய்த இக்குலக்கல்வித் திட்டம் யார் வீட்டுப் பிள்ளையின் தலையில் விழுந்தது? நாற்காலிக்காக எந்தக் குடியானவன் ஓட்டு விற்கப்பட்டதோ அவன் பிள்ளையின் தலையிலேயே விழுந்தது. பிறகு நம் மக்கள் வீதியில் நின்று போராடி, ஆச்சாரியார் பதவியை விட்டு விலகி, 1954-ல் காமராஜர் வந்த பிறகே அத்திட்டம் ஒழிந்தது. சட்டசபையில் ஒரு நாள் ஒழுங்காகக் கை தூக்கியிருந்தால் தீர்ந்திருக்கக் கூடிய காரியத்துக்கு வீதிப் போராட்டம் வேண்டியதாயிற்று.

முன்னணியின் தலைவர் பிரகாசமாவது உறுதியாய் நின்றாரா? 1953 அக்டோபரில் ஆந்திரம் தனி ராஜ்யமானபோது அவரே தம் கட்சியை விட்டுவிட்டுக் காங்கிரசின் ஆதரவோடு முதல் மந்திரியானார். அடுத்த வருஷமே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அம்மந்திரிசபை கவிழ்ந்தது. கொள்கை இல்லாமல் எதிர்ப்பு ஒன்றினால் மாத்திரம் சேர்ந்த கூட்டம், எதிரி ஒரு நாற்காலியைக் காட்டினால் கலைந்துவிடும் என்பதற்கு இதற்குமேல் என்ன ருசு வேண்டும்?

இதற்கு மாறான அனுபவமும் நமக்கு உண்டு. 1926 தேர்தலில் அதிக ஸ்தானம் பெற்ற சுயராஜ்யக் கட்சியார் மந்திரி பதவி ஏற்க மறுத்ததால் எக்கட்சியையும் சேராத டாக்டர் சுப்பராயன் முதல் மந்திரியானார். பின்னால் ஜஸ்டிஸ் கட்சியார் அவரை ஆதரித்தார்கள். அந்த ஆதரவில் நின்ற மந்திரிசபையில்தான் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்து, 1921 முதல் ஏட்டளவில் கிடந்த வகுப்புவாரி உத்தரவுக்கு 1928-ல் உயிர் கொடுத்தார். பன்னிரண்டு உத்தியோகம் இருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று வகுத்த உத்தரவு அது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றுதானா என்று கேட்டால் அது போதாது என்றே நாமும் சொல்லுவோம். ஆயினும் எழுத்தில் இருந்ததால்தானே அதைக் கேட்கவும், பெருக்கவும், காக்கவும் முடிந்தது? அம்மந்திரிசபை போய், அந்தச் சர்க்காரும் போய், வெகுகாலத்திற்குப் பின் 1951-ல் சுப்ரீம் கோர்ட்டார் அது செல்லாதென்றபோது, நம் நாட்டில் எழுந்த கிளர்ச்சியால் அரசியல் சட்டத்தையே முதல் முறையாகத் திருத்த வேண்டி வந்தது. நாற்காலி ஐந்து வருஷத்துச் சொத்து. எழுதி வாங்கிய உரிமையோ பேரப்பிள்ளை வரைக்கும் நிற்கும்.

நிற்க. கவர்னர் விஷயத்தில் சட்டம் இன்று சிறிது தெளிவடைந்திருக்கின்றது. மெஜாரிட்டி யாருக்கு என்பதைக் கவர்னர் பங்களாவில் அல்ல, சட்டசபையிலேயே பார்க்க வேண்டுமென்று 1994-ல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் சொல்லிவிட்டார்கள். 2018-ல் கர்நாடகத்தில் 104 பேர் உள்ள கட்சியைக் கவர்னர் அழைத்துப் பலத்தைக் காட்டப் பதினைந்து நாள் தவணை கொடுத்தபோது, கோர்ட்டார் அத்தவணையை வெட்டி உடனே ஓட்டெடுக்கச் சொன்னார்கள். அழைக்கப்பட்டவர் ஓட்டெடுப்புக்கு முன்பே ராஜிநாமா செய்தார். பதினைந்து நாள் தவணை எதற்கு? துண்டு போட்டு விரல் பிடிக்கத்தானே!

ஆனால் கோர்ட்டு நாளைக் குறிக்குமே ஒழிய நாணயத்தைக் கொடுக்காது. அதை ஜனங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆதலால் ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சியாரையும் தோழர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். மெஜாரிட்டி கிடைக்காவிட்டால் யாரோடு சேருவீர்கள்? என்ன காரியத்துக்காகச் சேருவீர்கள்? அந்த ஒப்பந்தத்தை எழுதி, எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டுவீர்களா? இதற்குப் பதில் சொல்லாதவர், நம் ஜாதியாராயினும், நம் இயக்கத்தின் பெயரையே சொல்லுபவராயினும், அவரை நம்ப வேண்டாமென்றே சொல்லுவோம்.

துண்டை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் விலை பேசட்டும். அதற்குச் சம்மதிக்காத தரகன் கையில் கயிற்றைக் கொடுப்பவன் பிறகு அழுவதில் அர்த்தமில்லை.