பி.காம். எங்கே படித்தால் என்ன?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் திருப்பூரில் என் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பெற்றோர் தேடி வருவார்கள். "பையனை ஆடிட்டர் ஆக்கோணுமுங்க. சென்னையில பேரெடுத்த காலேஜ்ல மெரிட்ல சீட்டு கெடைக்கல. மேனேஜ்மென்ட் கோட்டாவுல வாங்கிறலாமுங்களா?" வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஆடிட்டராக எழுத வேண்டிய சி.ஏ. தேர்வின் விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவரின் கல்லூரி தெரியாது. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். லயோலா மாணவருக்கும் உள்ளூர் அரசுக் கல்லூரி மாணவருக்கும் இதே கணக்குதான். பிளஸ் டூ முடித்ததும் சி.ஏ.வின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் எழுதலாம், எழுதாவிட்டாலும் பி.காமில் 55 சதவீதம் எடுத்தவர் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம்.

ஆர்ட்டிகிள்ஷிப் என்ற சி.ஏ. நடைமுறைப் பயிற்சி கேட்டு வருகிறவர் முன்னால் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் கணக்கை வைத்து, சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒத்துப் பார்க்கச் சொல்வேன். போன ஆண்டு வந்த பெண் அரசுக் கல்லூரியில் படித்தவர். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு சாயப்பட்டறையின் பில் ஜிஎஸ்டிஆர்-2பியில் ஏறவே இல்லை என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அந்த பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் பின்னால் நோட்டீஸ் வரும். அன்றே சேர்த்துக்கொண்டேன்.

எல்லா நிதித்துறை வேலைக்கும் இது பொருந்தாது. மும்பையின் முதலீட்டு வங்கிகள் பெரும்பாலும் ஐஐஎம் போன்ற சில வளாகங்களுக்கே போய் ஆள் எடுக்கின்றன. அங்கே கல்லூரிப் பெயருக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு பட்டம் முடித்து ஐஐஎம் நுழைவுக்கான கேட் (CAT) தேர்வு எழுதுகிறவருக்கும் திறக்கும். பதினேழு வயதில் நன்கொடை கட்டித்தான் திறக்க வேண்டும் என்பதில்லை.

சிறிய கல்லூரியில் உண்மையான குறை ஒன்று உண்டு: ஆங்கிலம். சட்டமும் தணிக்கைத் தரங்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தினமும் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படிக்கட்டும். மூன்று வருடத்தில் கணக்கும் வரும், மொழியும் வரும்.

பெற்றோரே, சீட்டுக்கென்று வைத்திருக்கும் பணத்தை நன்கொடையில் செலவழித்துவிடாதீர்கள். பயிற்சி வகுப்புக்கும் லேப்டாப்புக்கும் வேண்டும். அதைவிட, சொற்ப உதவித்தொகையில் ஓட்ட வேண்டிய அந்த 2 வருட ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு வேண்டும். குடும்பச் செலவுக்குப் பணமில்லாமல் பாதியில் நின்றுபோன கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.