614 ரூபாய்ப் புல்வெளி

சென்னை மாநகராட்சிக்கென்று கோல்ஃப் மைதானம் எதுவும் கிடையாது. கிண்டியில் இருந்தது அரசு நிலம். ஆடியவர்கள் ஜிம்கானா கிளப் உறுப்பினர்கள், ஆடிய இடம் குதிரைப் பந்தயப் பாதையின் நடுப்பகுதி. அந்த 160 ஏக்கரை 1946 முதல் 99 ஆண்டுகளுக்குப் பந்தயக் கிளப் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 பைசா. ஏக்கருக்கு நாலு ரூபாய்கூடத் தேறாது. எங்கள் ஓரிக்கையில் ஒரு தறி போட இடம் பிடிப்பவர் ஒரே மாதத்தில் கொடுக்கும் வாடகை இதைவிட அதிகம்.

1970இல் அரசு வாடகையை உயர்த்தியது. கிளப் ஏற்கவில்லை. பிறகு நோட்டீஸ், வழக்கு, வாய்தா. 2023இல்தான் பாக்கி 730 கோடியைக் கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். 2024 செப்டம்பரில் குத்தகை ரத்தானது. அரை நூற்றாண்டுப் பொறுமை! கூவம் கரையில் குடிசை போட்டவர்களிடம் இதில் நூறில் ஒரு பங்காவது காட்டப்பட்டதா?

கிளப்புகள் சாதி பார்ப்பதில்லையாம். பார்க்க வேண்டிய தேவையே இல்லையே! உள்ளே இருப்பவர் முன்மொழிந்தால்தான் வெளியே இருப்பவர் உறுப்பினராக முடியும். தாத்தா யாருடன் பழகினார் என்பதே நுழைவுச்சீட்டு. 2014இல் சென்னையின் இன்னொரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தியது. அதற்குத் தனிச் சட்டமே வந்தது. வேட்டியை உள்ளே விட்டார்கள், சரி. சேரியை?

அமெரிக்காவில் அட்லாண்டா நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் கறுப்பர்களும் ஆடலாம் என்ற தீர்ப்பு 1955இல், வழக்காடித்தான் கிடைத்தது. பொதுநிலம் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் கேட்டார்கள். நாம் கேட்கவே இல்லை.

நான் ஆய்வு செய்வது நில ஆவணங்களை. காஞ்சிபுரமும் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலமின்மை பற்றி 1891இல் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து வந்ததுதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனையை மீறியவர்களிடமிருந்து அரசு எத்தனை ஏக்கரை மீட்டது? 1994இல் காரணையில் அதைக் கேட்டுப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். கிண்டியில் ஒரு லத்திகூட உயரவில்லை.

மீட்ட நிலத்தில் பூங்கா வருகிறது. குளம் வெட்டட்டும், மரம் வைக்கட்டும், வேளச்சேரிக்கு வெள்ளம் குறைந்தால் நல்லதுதான். ஆனால், ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல் ஏழைகள் இடம் கேட்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது? ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று பெயர்த்தெடுத்த மக்களைக் கொண்டுபோய் வைத்தது பெரும்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். அப்போது எந்தச் சூழலியல் குறுக்கே வந்தது?

160 ஏக்கரில் பத்து ஏக்கர் கேட்கிறேன். கிண்டியிலேயே, ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், பெரும்பாக்கத்திலிருந்து திரும்பி வர விரும்பும் குடும்பங்களுக்கு வீடு. வாடகை வேண்டுமா? பழைய கிளப் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.