இரு தரப்பும் எழுதுவோம்; தீர்ப்பும் எழுதுவோம்

"உங்கள் பத்திரிகை ஒருதலைப்பட்சமானது. இரு தரப்பு நியாயத்தையும் எழுதினால் என்ன?" ஆலை வாசலிலும் பஸ் நிலையத்திலும் நமது ஏட்டை விற்கும் தோழர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் எல்லோரும் எதிரிகள் அல்லர். நாணயமாகக் கேட்பவர்களும் உண்டு. நாணயமாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாம் உழைப்பாளி மக்களின் பக்கம் நிற்கிறோம். இதை ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் ஒரு பக்கம் நிற்பது வேறு. எதிராளியின் வாதத்தை மறைப்பது வேறு. முன்னது நமது கொள்கை. பின்னது நமக்கே கேடு.

இங்கிலாந்தில் பஞ்சாலை வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்க வேண்டுமென்று கிளர்ச்சி ஓங்கியிருந்த காலம். 1837ல் நாஸா சீனியர் என்ற பொருளாதார நிபுணர் ஆலை முதலாளிகளுக்குச் சாதகமாக ஒரு கணக்குப் போட்டார். வேலை நாள் பதினொன்றரை மணி, அதாவது 23 அரைமணிகள். இவற்றில் 20 அரைமணிகள் போட்ட முதலை மீட்கவே போய்விடுகின்றன. ஒரு அரைமணி தேய்மானத்துக்கு. மிச்சமுள்ள கடைசி இரண்டு அரைமணிகளில்தான் நிகர லாபம் பிறக்கிறது. ஆகவே ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் நிகர லாபமே இல்லை என்றார் அவர்.

1867ல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் இதற்குப் பதில் எழுதினார். சீனியரைக் கேலி செய்யாமல் விடவில்லை. ஆனால் வெறும் கேலியோடு நிறுத்தவுமில்லை. சீனியரின் கணக்கை அவருடைய சொற்களிலேயே, எண்களோடு எடுத்து வைத்தார். பிறகு ஓட்டை எங்கே என்று காட்டினார். பஞ்சின் மதிப்பும் இயந்திரத்தின் மதிப்பும் தொழிலாளி புதிதாகப் படைப்பவை அல்ல. அவன் நூற்க நூற்க அவை நூலுக்குள் ஏறிவிடுகின்றன. அவற்றுக்கென்று தனியே மணி ஒதுக்கத் தேவையில்லை. ஒரு மணி வேலை குறைந்தால் அந்த மணிக்குரிய பஞ்சும் மிச்சம். சீனியரின் எண்களையே ஒப்புக்கொண்டாலும், முதலாளிக்குப் போவது கடைசி ஒரு மணி அல்ல. வேலை நாளில் சரிபாதி!

1847ல் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணிச் சட்டம் நிறைவேறியது. பஞ்சாலைத் தொழில் அழியவில்லை, வளர்ந்தது.

பழைய கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். வாதம் சாகவில்லை என்பதால்தான்! 2023 ஏப்ரல் 21ந் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதை ஆதரித்தவர்கள் சொன்னது என்ன? வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது. நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு. தொழிலாளி விரும்பினால் மட்டுமே. புதிய முதலீடு வரும். இந்த வாதத்தை அற்பமென்று தள்ள முடியாது. மூன்று நாள் ஓய்வு யாருக்குத்தான் கசக்கும்?

பெரிய பத்திரிகைகளுக்கு இத்தகைய விஷயங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி சங்கத்துக்குப் பாதி இடம், தொழிற்சங்கத்துக்குப் பாதி இடம், முடிவு வாசகருக்கு! இதற்குப் பெயர் நடுநிலைமையாம். ஆலை வாசலில் வேலைக்காகத் தனியாக நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியால் நிர்வாகத்திடம் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்ல முடியுமா? 12 மணி வேலையோடு போக வர இரண்டு மணி சேர்ந்தால், பிள்ளையின் முகம் பார்க்க அவனுக்கு நேரமேது? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பதில் காணாமல் இரு பத்திகளையும் சமமாக அச்சடிப்பது நடுநிலைமையல்ல, நழுவல். தராசின் முள் எந்தத் தட்டு கனம் என்று காட்டத்தான் இருக்கிறது.

தொழிற்சங்கங்கள் அரசியல் வேறுபாடின்றி எதிர்த்து நின்றன. ஏப்ரல் 24ல் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகத்தில் இத்தகைய திருத்தம் நிறைவேறிவிட்டது. வாதம் மீண்டும் நம் வாசலுக்கு வரும்.

இங்கே ஒரு சுயவிமர்சனமும் அவசியம். நமது கட்டுரைகள் சிலவற்றில் எதிராளியின் வாதம் என்று ஒரு வைக்கோல் பொம்மை நிற்கிறது. அதை வீழ்த்திவிட்டு வெற்றி முழக்கம் செய்கிறோம். மறுநாள் டீக்கடையில் உண்மையான வாதம் எதிரே வரும்போது நமது வாசகத் தோழர் திகைக்கிறார். ஆயுதமில்லாமல் அவரை அனுப்பியது யார்? நாம்தான்.

எழுதும் தோழர்களே! எதிராளியே படித்தாலும் "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி அவன் வாதத்தை முதலில் எழுதுங்கள். பிறகு உண்மைகளைக் கொண்டு எடை போடுங்கள். எடை போட்டபின் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்லுங்கள். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது எதிர்வாதத்தைக் கண்டு நமக்கென்ன அச்சம்?