டிஸ்க்கை மாற்றிவிட்டு முடிவெடுங்கள்

"ஆன் ஆகுது, ஆனா நகர மாட்டேங்குது." பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கையோடு "புதுசு வாங்கிடலாமா?" என்பார்கள். நகராமல் இருப்பது எந்தப் பாகம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கப்பட்ட அந்த லேப்டாப்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்குப் போயின. ஏராளமான வீடுகளில் அதுதான் முதல் கணினி. இன்று அவற்றைப் பரணிலும் பீரோ மேலும்தான் பார்க்கிறேன். என் அக்கா மகளுடையதும் அப்படித்தான் கிடந்தது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தவள், பிடிஎஃப் பாடங்களை போன் திரையில் படித்துக் கண்ணெல்லாம் எரிகிறது என்று அதைத் தூசு தட்டி எடுத்தாள்.

"திறக்கவே ஒரு யுகம் ஆகுது மாமா. தவணையில புதுசு எடுத்துடட்டுமா?"

"டிஸ்க்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம், இரும்மா."

டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். சிபியு சும்மா இருந்தது. டிஸ்க் என்ற கட்டம் மட்டும் 100% என்று காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. நாங்கள் எந்த வேலையும் கொடுக்கவில்லை. விண்டோஸ் தன் போக்கில் எதையோ படித்துக்கொண்டிருந்தது, அதற்கே டிஸ்க் திணறியது.

அந்தக் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் தட்டின் எந்த மூலையில் இருக்கிறதோ, அங்கே ஊசிமுனைக் கை நகர வேண்டும். பிறகு அந்த இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்த்தால் ஒரு தடவைக்குச் சுமார் 15 மில்லிநொடிக்கு மேல் ஆகிவிடும். ஒரு நொடிக்கு அறுபது, எழுபது தடவை எடுத்துக் கொடுத்தாலே பெரிது. விண்டோஸ் எழுந்து நிற்பதற்கோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துணுக்குகள் வேண்டும். மளிகைச் சீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் கடைப் பையன் தனித்தனியாகக் கிடங்குக்குப் போய்வருவதைப் போன்ற வேலை அது. கல்லாவில் எவ்வளவு சுறுசுறுப்பான ஆள் உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவுமே இல்லை. எந்த மூலையில் உள்ள தகவலும் ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு நேரத்தில் வந்துவிடும்.

சுழலும் தட்டுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் விடைகொடுக்க வேண்டும். 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்க்கில் இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்துகள். அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்தின் கணக்கு வழக்கையெல்லாம் சுமந்தது அந்தத் தத்துவம்தான். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நாண்ட் ஃபிளாஷ் பிறந்தது 1980களில், தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளரின் கையில்.

சென்னை ரிச்சி தெருவுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருந்த தம்பி முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். மஞ்சள் எச்சரிக்கை வந்தது. "போர்டு நல்லா இருக்கு சார். டிஸ்க்குதான் சாகப் போகுது. மொதல்ல போட்டோ, சர்டிபிகேட்டெல்லாம் வெளிய எடுத்துடுவோம், அப்புறம் கழட்டுவோம்" என்றார். இந்த வரிசை தெரிந்தவரிடம்தான் லேப்டாப்பைக் கொடுக்க வேண்டும். பழுதடைந்த டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய முனைந்தால், கெட்டுப்போன இடங்களில் முட்டி மோதியே அது பாதி வழியில் படுத்துவிடக்கூடும். நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க் என்றால் யூஎஸ்பி கேபிளில் எஸ்எஸ்டியை மாட்டி, குளோன்சில்லா போன்ற ஒன்றை வைத்து அச்சு அசலாக நகல் எடுத்துவிடலாம்.

கழற்றுவது மிக எளிது. பேட்டரியை உருவிவிட்டு, அடிப்பக்கத்தில் சின்ன மூடி ஒன்றின் திருகுகளை எடுத்தால் டிஸ்க் தெரிகிறது. ஒரு தகரச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் நாடா ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் சாட்டா பின்கள் விடுபடும். மேலே தூக்கக் கூடாது. பழைய டிஸ்க்கின் தடிமன் 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். அந்த இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் விளிம்பு வைத்தார். இல்லாவிட்டால் உள்ளே ஆடும். சாட்டா 2 உள்ள பழைய போர்டில் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது, நொடிக்கு 300 எம்பிக்குள் நின்றுவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். நாம் வாங்குவது அந்த 15 மில்லிநொடிக் காத்திருப்பிலிருந்து விடுதலையை. அது எந்த சாட்டாவிலும் கிடைக்கும். கையோடு 2 ஜிபி ராமையும் 4 ஆக்கினோம்.

சில நிமிடங்கள் எடுத்துக்கொண்ட லேப்டாப் இப்போது அரை நிமிடத்துக்குள் திறந்துவிடுகிறது. சூடும் குறைந்திருக்கிறது. வீடியோ எடிட்டிங், கேம் எல்லாம் இதில் ஓடாது. பழைய பிராசசர் பழைய பிராசசர்தான். பாடம் படிக்க, மாதிரித் தேர்வு எழுத, விண்ணப்பம் நிரப்ப இது தாராளம். மாதத் தவணை கட்டும் நிலையில் இல்லாத ஒரு வீட்டுக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதில்லை. வேகம் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல போர்டையும் திரையையும் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

விண்டோஸ் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய சிப்களை ஏற்காது. அதனால் லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தேன். தமிழ் 99 தட்டச்சு வருகிறது, லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. ஒரு வாரத்தில் பழகிவிட்டாள்.

எஸ்எஸ்டியை முழுக்க நம்பிவிடவும் கூடாது. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் டக் டக் என்று சத்தம் போட்டு, இழுத்து இழுத்துத்தான் சாகும். எஸ்எஸ்டி நேற்றுவரை ஓடிவிட்டு இன்று காலை கண் திறக்காமல் போகலாம். அதில் அழித்த கோப்பை மீட்பதும் பெரும்பாலும் முடியாத காரியம். வருடக்கணக்கில் மின்சாரம் கொடுக்காமல் பெட்டிக்குள் வைத்தாலும் தகவல் கரைய வாய்ப்புண்டு. முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி எப்போதும் வெளியே இருக்கட்டும்.

கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் ஆதார் நகலும் மதிப்பெண் சான்றிதழும் அதில் இருக்கின்றன. குவிக் ஃபார்மேட் செய்தாலும் அவை அழிவதில்லை. நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது மஞ்சள் காட்டியது என்பதால் திறந்து தட்டையே கீறிப்போட்டுவிட்டோம்.