சட்டம் இருக்கிறது, எழுதுவோர் எங்கே?



திருவண்ணாமலையிலே கார்த்திகைத் தீபத் திருநாள். மாலை நேரம். மலை உச்சியை நோக்கி இலட்சக்கணக்கான கண்கள். தீபம் ஏற்றப்படுவதற்குச் சற்று முன்னர் கோயிலுக்குள்ளிருந்து அர்த்தநாரீசுவரர் வெளிப்படுகிறார். ஆண் பாதி, பெண் பாதி வடிவம். ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடங்களே காட்சி. பிறகு உள்ளே சென்றுவிடுகிறார். உமைக்கு உடலிலே பாதியைத் தந்த ஊர் இது என்கிறது தலபுராணம்.

நம்புவோர் நம்பட்டும், அவர்களோடு எனக்கு இன்று வழக்கில்லை. என் வழக்கு வேறு. கடவுள் தம் உடலிலே பாதியைத் தந்தார் என்று தன் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கை, வீடு திரும்பியதும் மனைவியின் கன்னத்தில் விழுகிறதே, அதைப் பற்றியது!

இதே சொற்களைத்தான் அந்த ஊர்ப் பொதுக்கூட்டத்திலே நான் பேசினேன். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. நாடகக்காரன் அல்லவா? கைதட்டலின் நீளத்தை அளக்கத் தெரிந்தவன். அன்று மனம் நிறைந்து மேடையை விட்டிறங்கினேன். சவுக்குக் கம்பத்தின் ஓரத்திலே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கையிலே பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்.

"அண்ணா, நீங்கள் பேசியதெல்லாம் எனக்காகவே பேசியதுபோல இருந்தது. என் வீட்டுக்காரரும் கை தட்டினார்" என்றார்.

அந்த வீட்டுக்காரர் யார்? அன்று காலை முதல் மாலை வரை அந்த மைதானத்திலே கொடி கட்டியவர். நம்மவர்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேடையிலே முழங்கிய நான், கம்பத்தடியிலே முணுமுணுத்தேன். "நம் தோழர்தானே அம்மா, நான் பேசிப் பார்க்கிறேன்" என்றேன். அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "மூன்று முறை பேசி முடித்துவிட்டார்கள் அண்ணா. பேசி முடித்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான்தான் அந்த வீட்டுக்குள்ளே போகிறேன்" என்றார்.

அந்தச் சொல்லுக்கு என்னிடம் வசனம் இல்லை.

அந்த ஒரு பெண்ணின் கதை மட்டுமா இது? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது: தமிழ்நாட்டிலே மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களிலே, கணவரின் வன்முறைக்கு ஆளானோர் நூற்றுக்கு 38 பேர். இந்தியச் சராசரியோ 29. கல்வியிலே முன்னே நிற்கிறோம். தொழிலிலே முன்னே நிற்கிறோம். இதிலுமா முன்னே நிற்பது? வன்முறைக்கு ஆளான பெண்களிலே உதவி தேடிச் சென்றவர்கள், இந்திய அளவிலே, நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. மற்றவர்கள்? வாய் திறக்கவில்லை, திறந்தாலும் கேட்பார் இல்லை, கேட்டாலும் எழுதுவார் இல்லை!

எழுதுவார் இல்லை என்றேனே, அதுதான் இன்றைய கட்டுரையின் உயிர்.

மறுநாள் அந்தப் பெண்ணை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். இலவச சட்ட உதவி வழக்குகளை எடுத்து நடத்துபவர் அவர். நீதிமன்றம் சென்றிருந்தார். இருந்தது ஒரே அறை. ஒரு மேசை, ஒரு கணினி, கயிறு கட்டிய கட்டுகள், அவற்றின் நடுவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். குமாஸ்தா! 'எழுத்தர்' என்று அந்தப் பதவிக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினோம். பெயரை மாற்றினோம், நிலையை மாற்றினோமா?

இரவெல்லாம் விழித்து நான் ஒரு மனு எழுதிக்கொண்டு போயிருந்தேன். நான்கு பக்கம். 'கல்நெஞ்சக் கணவனின் கொடுங்கரத்திலே சிக்கிய கன்னிமான்' என்று தொடங்கும். கல்லூரியை இரண்டாம் ஆண்டிலே விட்டவனென்றாலும் தமிழ் என்னை விடவில்லை என்ற பெருமிதத்தோடு நீட்டினேன். அம்மையார் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் பத்தியை அடித்தார், இரண்டாவதையும் அடித்தார்.

"தம்பி, 'கொடுமை இழைத்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதி? எத்தனை மணி? எந்த அறை? கையாலா, கட்டையாலா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? மருத்துவமனைக்குப் போனார்களா? சீட்டு இருக்கிறதா?"

என்னிடம் விடை இல்லை. எல்லா விடையும் அந்தப் பெண்ணிடம் இருந்தது. அம்மையார் கதவைச் சாத்தினார். என்னை வெளித்திண்ணையிலே உட்காரச் சொன்னார். இரண்டு மணி நேரம்! உள்ளே அழுகை கேட்டது, பிறகு அமைதி, பிறகு தட்டச்சு ஒலி. நான் நான்கு பக்கத்திலே சொல்லாததை அவர் ஒன்றரைப் பக்கத்திலே சொல்லியிருந்தார். ஒரு உவமை கிடையாது. படித்துப் பார்த்த எனக்குக் கை நடுங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது, தோழர்களே? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இலே இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடப்புக்கு வந்தது. உடலை வதைப்பது மட்டுமல்ல, சொல்லால் சுடுவதும், பாலியல் கொடுமையும், கூலியைப் பறித்துக்கொண்டு சோற்றுக்குக் கையேந்த வைப்பதும் வன்முறையே என்றது. மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும். அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றது. வீடு யார் பேரில் இருந்தாலும், அதிலே வாழும் உரிமை அவளுக்கு உண்டு என்றது. "வீடு மாமனார் பேரில் இருக்கிறது, வெளியே போ" என்ற வாதமும் 2020 அக்டோபரிலே உச்சநீதிமன்றத்தால் வீழ்த்தப்பட்டது. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.

அழகான சட்டம்! ஆனால் இந்த அழகெல்லாம் எங்கே தொடங்குகிறது? ஒரு படிவத்திலே! குடும்ப நிகழ்வு அறிக்கை என்பது முதல் படிவம். வன்முறை நடந்த தேதி, இடம், நேரம், செய்தவர் யார் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். மனு இரண்டாவது படிவம். இடைக்கால ஆணை வேண்டுமானால் அதற்குரிய உறுதிமொழி வாக்குமூலம் மூன்றாவது. கணவரின் முகவரியிலே கதவெண் தவறினால் அறிவிப்பு திரும்பி வரும். நகைப் பட்டியலை இணைக்க மறந்தால் நகை மறந்துபோகும். அந்தப் பெண் கையிலே வைத்திருந்தாரே கிழித்த தாள், அது அவருடைய நகைப் பட்டியல்தான்! நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை; அம்மையார் முதலில் கேட்டதே அதைத்தான்.

மனு குறை கண்டு திருப்பப்பட்டால் என்ன ஆகும்? வழக்கறிஞருக்கு அது ஒரு வாய்தா. சவ்வாது மலையின் சமுனாமரத்தூரிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்கோ அது ஒரு நாள் கூலி, ஒரு நாள் பயணம், அன்றிரவு "எங்கே போய் வந்தாய்?" என்ற கேள்வி, அதன் பின்னாலே வரும் அடி! ஒரு கட்டத்தை நிரப்பத் தவறினால் ஒரு முதுகிலே தழும்பு விழும். குமாஸ்தா வேலையை அற்பம் என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னும் கேளுங்கள். கோயில் நகரம் பெரிய ஊர்தான். ஆனாலும் தெருவுக்குத் தெரு உறவு, கடைக்குக் கடை பழக்கம். நான் திண்ணையிலே இருந்தபோதே ஒருவர் வந்தார். "இன்னாருடைய மனைவி இங்கே வந்தாளா?" என்று இனிக்க இனிக்கக் கேட்டார். அம்மையார் தலை நிமிராமல், "யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று இங்கே சொல்வதில்லை" என்றார். அவ்வளவே! எந்தப் பெண்ணுக்கு எந்த எண்ணில், எந்த நேரத்தில் பேச வேண்டும், எந்த வீட்டுக்குக் கடிதமே போகக் கூடாது என்பதெல்லாம் அவருடைய குறிப்பேட்டிலே இருக்கிறது. ஒரு தவறான தொலைபேசி அழைப்பு ஓர் உயிரை வாங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். "கணினி வந்துவிட்டது, எழுத்தர் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: கணினிக்கு எழுதத் தெரியும்; எங்கே வாய் மூட வேண்டும் என்று தெரியுமா?

"பொய் வழக்குப் போடுகிறார்களே!" என்று ஒரு குரல் எழும். எழட்டும். பொய்ச் சாட்சி என்பது திருவண்ணாமலைக்குப் புதிதல்ல. அடிமுடி தேடிய கதையிலே தாழம்பூவே பொய்ச் சாட்சி சொன்னதாகத்தான் புராணம்! பொய்க்கு மருந்து, மெய் சொல்ல வருபவளை விரட்டுவதல்ல. தேதி கேட்டு, நேரம் கேட்டு, சீட்டு கேட்டு, மிகையையும் அடித்து, குறையையும் நிரப்பும் அந்தச் சிவப்புப் பேனாவே மருந்து.

சிலம்பை நாம் மேடைதோறும் பேசுகிறோம். கண்ணகியைப் பேசுகிறோம், பாண்டியனைப் பேசுகிறோம். இடையிலே ஒருவன் இருந்தானே, அவனை எவர் பேசினோம்? வாயிற்காவலன்! தலைவிரி கோலமாய், கையிலே ஒற்றைச் சிலம்போடு, சீற்றத்தோடு வந்து நின்றாள் ஒருத்தி. "பைத்தியக்காரி, போ" என்று அவன் விரட்டியிருந்தால்? "நாளைக்கு வா" என்று சொல்லியிருந்தால்? "சமாதானமாகப் போ அம்மா" என்று உபதேசித்திருந்தால்? வழக்குரைத்த காதையே இல்லை! கண்டதைக் கண்டபடி, கேட்டதைக் கேட்டபடி, உள்ளே சென்று அரசனிடம் உரைத்தான். அரசன் "வருக" என்றான், நீதி நடந்தது. அந்த அறையிலே அமர்ந்திருக்கும் குமாஸ்தா அம்மையார் அந்த வாயிலோனின் வழிவந்தவர்.

அந்த வாயிலை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணைக்குழுக்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும், பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. உரிமை உண்டு, அதை எழுதிக் கொடுக்கும் கைகள் போதுமா? சட்டம் சார் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மதிப்பூதியம் உண்டு, மாத ஊதியம் இல்லை. பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியைச் சட்டம் படைத்தது. அந்தப் பதவிக்கு மாவட்டங்களிலும் வட்டங்களிலும் ஆட்களைக் குறித்து நியமியுங்கள் என்று மாநிலங்களுக்கு உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது, 2025 மே 20 அன்று! சட்டம் நடப்புக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்த பின்னர்! அந்த அம்மையாரின் சம்பளத்தைக் கேட்டேன். சொல்ல அவர் கூசினார். கேட்டதற்கு நான் கூசினேன்.

அரசைக் கேட்போம்: ஒவ்வொரு மாவட்டத்துச் சட்ட உதவி அலுவலகத்துக்கும், ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும், நிலையான ஊதியத்தோடு, பயிற்சி பெற்ற எழுத்தர்களைக் கொடு. படிவங்களை எளிய தமிழிலே அச்சிட்டு ஊராட்சி அலுவலகம் வரை கொண்டு செல். அடி வாங்கியவள் தன் காயத்தைத் தன் மொழியிலே படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்!

அரசைக் கேட்குமுன், நம்மை நாமே கேட்போம். நம் கிளைகளிலே, நம் திண்ணைகளிலே, 'சேர்த்து வைக்கும்' பஞ்சாயத்து நடக்கிறதா, இல்லையா? அடித்தவன் கட்சிக்காரன் என்றால் நம் குரல் தாழ்கிறதா, இல்லையா? என் குரல் தாழ்ந்தது, மறைக்கவில்லை. பெண் விடுதலை என்பது பிறர் வீட்டுக்கு மட்டும் செய்யும் உபதேசமா?

தோழர்களே, இந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் படியுங்கள். வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தால் அவர் மீது வழக்கு இல்லை. எவரும் என்றால் நீங்களும்தான், நானும்தான்! 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண். 15100 சட்ட உதவிக்கான எண். இரண்டையும் நம் படிப்பகங்களின் சுவரிலே, தலைவர்களின் படங்களுக்குப் பக்கத்திலே எழுதி வையுங்கள்.

முன்பு நம் படிப்பகங்களிலே, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நாளிதழை ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். இன்று வேண்டியது அதற்கு மறுதலை: ஒருத்தி தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும், ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மேசை, படித்த நம் தங்கைகள் இருவர். தீர்ப்புச் சொல்ல அல்ல. சமாதானம் பேச அல்ல. தேதியும் நேரமும் தவறாமல் எழுதி, உரிய அலுவலரிடம் அழைத்துச் செல்ல!

அந்தப் பெண் அந்த வீட்டிலேயே இருக்கிறார். வாழிட உரிமைக்கு இடைக்கால ஆணை கிடைத்தது. கொடி கட்டிய தோழர் என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும்!

சென்ற வாரம் அந்த அலுவலகத்துக்கு மீண்டும் போனேன். "என்ன தம்பி, மறுபடியும் மனுவா?" என்றார் அம்மையார். "இல்லை அக்கா, எழுதக் கற்றுக்கொள்ள வந்தேன்" என்றேன். ஒரு பழைய படிவத்தை எடுத்து என் முன்னே வைத்தார். "முதலில் தேதி போடுங்கள்" என்றார்.

போட்டேன். நீங்களும் வாருங்கள்!