விடிய விடிய ஆட யாருக்கு அனுமதி?

1985 ஜூலையில், பிரான்சின் தென்பகுதியிலுள்ள அவிஞ்ஞோன் நகரத்துக்குச் சற்றுத் தொலைவில், பூல்போன் என்ற ஊரின் பழைய கல்குவாரி ஒன்றில் பிரிட்டிஷ் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் மகாபாரதத்தை மேடையேற்றினார். மேடை என்று தனியாக எதுவும் கட்டவில்லை. பாறைச்சுவர்தான் பின்திரை. தரையில் மணல், ஒரு சிறு குளம், ஒரு வாய்க்கால், அங்கங்கே நெருப்பு. ழான்-குளோத் காரியேர் எழுதிய பிரதி ஆடி முடிய ஒன்பது மணி நேரம் ஆகும். மூன்று மாலைகளில் பிரித்தும் பார்க்கலாம், ஒரே இரவாகவும் பார்க்கலாம். ஒரே இரவாகப் பார்த்தவர்கள் பொழுது சாய வந்து உட்கார்ந்து, குருக்ஷேத்திரம் ஓய்ந்தபோது பாறைக்கு மேலே விடியலையும் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

இதைப் பற்றி நம் மொழியில் பேசியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் பேசினோம்: நம் இதிகாசத்தை அவர்கள் எப்படி எடுத்தாளலாம்? கேள்வி நியாயமானது. நாடக விமர்சகர் ருஸ்தம் பருச்சா அதைக் கூர்மையாகவே எழுப்பினார். இதிகாசத்தை அது வாழும் மண்ணிலிருந்தும் சமயத்திலிருந்தும் பெயர்த்தெடுத்து 'மனித குலத்தின் கதை' என்று பொதுவாக்கிவிட்டார் புரூக் என்பது அவருடைய குற்றச்சாட்டு. புர்கினா ஃபாசோவின் சொதிகி குயாத்தே பீஷ்மர், ஜப்பானின் யோஷி ஓய்தா துரோணர், போலந்தின் ரிஷார்ட் செஷ்லாக் திருதராஷ்டிரன் என்று பல தேசத்து நடிகர்கள் நிறைந்த அந்தக் குழுவின் முக்கிய வேடங்களில் இந்தியர் என்று இருந்தவர் திரௌபதியாக வந்த மல்லிகா சாராபாய் மட்டுமே. உலகைச் சுற்றிய அந்த நாடகம் இந்தியாவுக்கு வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழக்கை நாம் முடித்துவைக்கப் போவதில்லை. நமக்கு உறுத்துவது வேறு. ஒன்பது மணி நேர நாடகத்துக்கு ஓர் இரவு முழுவதையும் கொடுத்த விழா எது, அந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது என்பதுதான். அந்த நாடகம் போன ஊர்கள் பலவற்றில் அதற்கென்று இடம் தேடப்பட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் இருபது ஆண்டுகளாக மூடிக் கிடந்த மெஜஸ்டிக் என்னும் கொட்டகையைச் சுவரின் காரைப் பெயர்வுகளைக்கூட மறைக்காமல் 1987இல் திறந்தார்கள். கிளாஸ்கோவில் டிராம் வண்டிகள் நிறுத்திய பழைய பணிமனை 1988இல் அரங்கமானது. இரண்டும் நாடகம் போன பிறகும் அரங்குகளாகவே நிலைத்தன.

அவிஞ்ஞோன் விழாவின் தொடக்கமே சற்று விசித்திரமானது. 1947இல் கலை விமர்சகர் கிறிஸ்தியான் செர்வோஸ் அங்குள்ள பாப்பரசர் அரண்மனையின் பெரிய தேவாலயத்தில் நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தார். பிக்காஸோ, மத்தீஸ், பிராக் எல்லாம் அதில் உண்டு. கூடவே ஒரு நாடகமும் இருக்கட்டும் என்று நடிகரும் இயக்குநருமான ழான் விலாரிடம், அவர் ஏற்கெனவே வெற்றிகரமாக நடத்தியிருந்த எலியட்டின் நாடகத்தைக் கேட்டார். விலார் மறுத்தார். அரண்மனை முற்றம் நாடகத்துக்கு ஆகாத அளவுக்குப் பெரியது, வடிவமற்றது என்றார். பிறகு அவரே திரும்பி வந்து, பழைய வெற்றி வேண்டாம், பிரான்ஸ் அறியாத மூன்று நாடகங்களைப் புதிதாகச் செய்கிறேன் என்றார். அதே முற்றத்தில் ராணுவப் பொறியாளர்கள் மேடை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாரம். மொத்தம் 4,800 பேர் பார்த்தார்கள், அவர்களில் டிக்கெட் வாங்கியவர்கள் 2,900 பேர்.

ஆக, ஓவியத்துக்குத் துணையாகக் கேட்கப்பட்ட நாடகம்தான் விழாவாக வளர்ந்தது. 1966இல் மோரிஸ் பெஜாரின் நடனம் அதே முற்றத்துக்கு வந்தது. 1967இல் அங்கேயே திரை கட்டிக் கொதாரின் புதிய படத்தைக் காட்டினார்கள். இப்போது கலைவிழா அழைப்பிதழ்கள் ஏதோ நேற்றுக் கண்டுபிடித்ததுபோல் அறிவிக்கும் 'பல்துறை நிகழ்வு' எவ்வளவு பழையது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறோம். ஒரு நடனக்காரர், ஒரு வீடியோ திரை, ஒரு மடிக்கணினி இசைக்காரர் மூவரையும் ஒரே மேடையில் நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டால் கலைகள் கலந்துவிடாது. கலப்பதற்கு அவகாசம் வேண்டும்.

அவிஞ்ஞோன் அந்த அவகாசத்தைக் கொடுத்தது. 1976 ஜூலையில் ராபர்ட் வில்சனும் பிலிப் கிளாஸும் 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' இசைநாடகத்தை அங்கே முதலில் அரங்கேற்றினார்கள். கதை கிடையாது. எண்களும் ஸ்வரப் பெயர்களும் பாடலாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ரயில், நீதிமன்றம், விண்கலம் என்று காட்சிகள் மிக மெல்ல நகரும். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இடைவேளை இல்லை. பார்வையாளர் விருப்பம்போல் எழுந்து போகலாம், திரும்பி வரலாம். 1987இல் அந்துவான் வித்தேஸ், போல் க்லோதெலின் பிரம்மாண்டமான 'பட்டுச் செருப்பு' நாடகத்தை அரண்மனை முற்றத்தில் இரவு தொடங்கி விடியும்வரை நடத்தினார். 2014இல் தொமா ஜோலி, ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகங்கள் மூன்றையும் சேர்த்து இடைவேளைகளோடு 18 மணி நேரம் ஆட்டினார். (பத்தாண்டு கழித்து பாரீஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவை மழையில் நனைய நனைய நடத்தியவரும் இவர்தான்.) நீளமாக இருப்பதாலேயே ஒன்று கலையாகிவிடாது. இவற்றில் எதுவும் வேறெங்காவது மாலை ஏழு முதல் ஒன்பது வரைக்குள் பிறந்திருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

அந்த நேரத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது, பொதுப்பணம். பிரான்சில் நாடகக்காரரும் மேடைத் தொழில்நுட்பப் பணியாளரும் குறிப்பிட்ட காலத்துக்குள் 507 மணி நேரம் வேலை செய்ததைக் காட்டினால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. ஒத்திகைக்கும் வெறுமனே யோசிப்பதற்கும் ஆகும் நாட்களை அந்த நாடு இப்படித்தான் தாங்குகிறது. 2003இல் இந்த விதி இறுக்கப்பட்டது. அதே 507 மணி நேரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் பத்து, பத்தரை மாதத்துக்குள் காட்ட வேண்டும் என்றானது. ஒன்றிரண்டு மாதக் குறைப்புக்காகக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த ஆண்டு அவிஞ்ஞோன் விழா முழுவதுமாக ரத்தானது. நம் ஊர்க் கலைஞரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். கூத்து இல்லாத மாதங்களில் அவர் கழனி வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர்.

அவிஞ்ஞோனைச் சொர்க்கமாக்கிக் காட்டும் எண்ணமும் இல்லை. 1966இல் ஆந்த்ரே பெனதெத்தோ அழைப்பில்லாமலேயே தன் அரங்கில் நாடகம் போட்டதிலிருந்து, அதிகாரபூர்வ விழாவுக்குப் பக்கத்தில் 'ஓஃப்' என்ற வெளிவிழா வளர்ந்தது. இன்று ஜூலை மாதத்தில் அதில் 1,500க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். பள்ளிக்கூடம், கார் கொட்டகை, சிற்றாலயம் என எல்லாமே அரங்கம். சிறு குழுக்கள் அரங்க முதலாளிகளிடம் ஒரு நாளின் ஒன்றரை மணி, இரண்டு மணியை மாதம் முழுமைக்கும் வாடகைக்கு எடுக்கின்றன. முந்தைய குழு சாமான்களை வாரிக்கொண்டு வெளியேற, அடுத்த குழு உள்ளே நுழைய இடையில் சில நிமிடங்களே கிடைக்கும். மீதி நேரத்தில் நடிகர்கள் வேடத்தோடு தெருவில் நின்று துண்டறிக்கை கொடுக்கிறார்கள். கடனோடு ஊர் திரும்பும் குழுக்கள் நிறைய. ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில், சிலருக்கு முழு இரவு, பலருக்குக் கூறுபோட்ட நேரம்.

இந்த இடத்தில்தான் நம் வடமாவட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. புரூக் கல்குவாரியில் செய்ததைத் திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றன. மதியம் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம். இரவு பத்து மணிக்கு மேல் களரியில் கூத்து. காலையில் அதே கதை ஊருக்குள் சடங்காக நடக்கும். அர்ச்சுனன் தபசு நாளன்று வேடதாரி உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சைக்காகப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். பதினெட்டாம் போரன்று வெட்டவெளியில் பிரம்மாண்டமான துரியோதனன் மண்ணுருவமாக மல்லாந்து கிடப்பான். தொடை பிளக்கப்படும், திரௌபதி கூந்தல் முடிவாள், மாலையில் தீமிதி. சொல்லும் பாட்டும் ஆட்டமும் மண்சிற்பமும் நெருப்பும் ஓர் ஊரின் வேண்டுதலும் ஒன்றாகப் பின்னிய விழா இது. அடவும் கிறுக்கியும் ஓய்ந்து மேளம் அடங்கும் ஜாமத்தில் பாதிக் கூட்டம் சாக்கு விரித்துத் தூங்கும். துகில் உரியும் கட்டம் வந்ததும் பக்கத்திலிருப்பவர் தட்டி எழுப்புவார். வில்சன் பார்வையாளருக்குக் கொடுத்த எழுந்து போகும் உரிமை கூத்துப் பார்ப்பவருக்குப் புதிதல்ல. தூங்கும் உரிமையையும் சேர்த்தே பெற்றிருந்தவர் அவர்.

பிரெஞ்சு நாடகக்காரர்களில் இதை உணர்ந்தவர் அரியான் முனுஷ்கின். பாரீஸின் விளிம்பில், பழைய தோட்டாத் தொழிற்சாலை ஒன்றில் 1970 முதல் இயங்கும் தெயாத்ரு து சொலேய் குழுவின் தலைவி. 2015 நவம்பரில் பாரீஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்த கொஞ்ச காலத்திலேயே அவர் குழுவோடு புதுச்சேரி வந்தார். அவருடைய குழுவில் நடித்த குமரன் வளவனின் இந்தியநாஸ்ட்ரம் அரங்கில் பயிற்சிப் பட்டறை நடந்தது. அதிலிருந்து பிறந்தது 'இந்தியாவில் ஓர் அறை', 2016இல் அரங்கேறியது. இயக்குநர் ஓடிப்போய்விட, இந்தியாவில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சு நாடகக் குழு என்ன நாடகம் போடுவதென்று தெரியாமல் தவிப்பதுதான் கதை. அந்தத் தவிப்புக்குள் கூத்து நுழைகிறது. புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் பயின்ற பன்னாட்டு நடிகர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, திரௌபதியின் கதையையும் கர்ணனின் கதையையும் தமிழிலேயே பாடி ஆடினார்கள். பாரீஸ் பார்த்தது, அடுத்த ஆண்டு நியூயார்க் பார்த்தது. முனுஷ்கினின் குழு ஒரு நாடகத்துக்கு மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் குழு. அந்த மாதங்களில்தான் ஒரு வெளிநாட்டு நடிகரின் காலில் அடவு படிந்தது. 'நம் கலை உலகமெங்கும் போயிற்று' என்று கைதட்டிவிட்டுப் போவது எளிது. அந்த மாதங்களைப் பொறாமையோடு பார்ப்பது இன்னும் பொருத்தமாக இருக்கும்.

ஏனென்றால் இங்கே கூத்துக்கு நாம் கொடுக்கும் நேரம் வெட்கக்கேடு. நகரத்துக் கலைவிழா மேடைகளில் கூத்து ஜமா வந்து இறங்கினால், கட்டியங்காரன் வந்து, திரை பிடித்து, வேஷம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் தருவே முடிந்திருக்காது, கீழிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்கள். முகம் எழுத ஆன நேரத்தில் கால்பங்குகூட ஆட்டத்துக்குக் கிடையாது. அடுத்து கரகம், அதற்கடுத்துத் தப்பாட்டம், பிறகு பொன்னாடை. பொன்னாடை நேரம் மட்டும் எந்த விழாவிலும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நம்மைப் போன்ற சிற்றிதழ்களுக்கும் இதில் பங்கு உண்டு. ந. முத்துசாமியின் தொடக்க நாடகங்களைச் சுமந்தவை சிற்றிதழ்கள். எழுபதுகளின் நடுவில் சென்னையில் புரிசை நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்து அவர் திகைத்தார், எழுதினார், 1977இல் கூத்துப்பட்டறை தோன்றியது. அதே ஆண்டு காந்திகிராமத்தில் சே. இராமானுஜமும் மற்றவர்களும் நடத்திய எழுபது நாள் பயிலரங்கிலிருந்து நவீன நாடகத்தின் ஒரு தலைமுறையே வெளிவந்தது. எழுபது நாட்கள்! இன்றைக்கு வார இறுதிப் பட்டறை நடத்துகிறோம், ஞாயிறு மாலை சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். கூத்தைக் கோட்பாடாக எழுதுவதில் நாம் காட்டிய ஆர்வத்தில் பாதியைக்கூட அதை முழு இரவு உட்கார்ந்து பார்ப்பதில் காட்டவில்லை.

எனவே விழா நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பத்து நாடுகளிலிருந்து குழுக்களை அழையுங்கள், மகிழ்ச்சி. அவற்றோடு ஒரே ஓர் இரவை, பத்து மணி முதல் விடியும்வரை, ஒரே ஒரு ஜமாவுக்குக் கொடுங்கள். கழிப்பறைகள் திறந்திருக்கட்டும், டீ கிடைக்கட்டும், முதல் பேருந்து வரும்வரை உட்கார இடம் இருக்கட்டும். பாதிப் பேர் பன்னிரண்டு மணிக்கு எழுந்து போவார்கள், போகட்டும்.

சட்டம் இடம் தருமா என்று கேட்பார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்டிகைகளுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் தளர்த்தலாம், அதுவும் நள்ளிரவு 12 வரைதான். நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் உள்ள நாட்டில் இந்த விதி தவறென்று சொல்ல மாட்டோம். ஆனால் விடியும்வரை ஆட வேண்டிய கூத்துக்காகக் கோயில் நாட்டாண்மை ஆண்டுதோறும் காவல் நிலைய வாசலில் நிற்கிறார், இன்ஸ்பெக்டர் மனம் வைத்தால் அர்ச்சுனன் தபசு ஏறுவான். அதே விதி மூடிய அரங்குகளுக்கு விலக்கு அளிக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டால் நகரத்துக் குளிரூட்டிய அரங்கில் இரவு முழுக்க ஆடலாம், எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அந்த அரங்குகள்தான் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கின்றன.